கம்பளி உறை போட்ட பெட்டி

“குழந்தை வேண்டாம், கால் குடு.” முனைக்கடை ஸ்டாவ்ரோஸை நோலீன் தினமும் இப்படித்தான் விரட்டுவாள். அழுகிய கால், புண்பட்ட வாய், குழாய் செருகிய பச்சைக் குழந்தை. எச்சரிக்கைப் படம்தான் வேறு, எல்லாம் அதே சேற்று நிறச் சிகரெட் பெட்டிகள். கால் இல்லையென்றால் வாய். குழந்தையை மட்டும் தொடமாட்டாள்.

மெல்போர்னின் மேற்கே துணி வெளுக்கும் ஆலையில், இருபது வருடமாக எனக்கு அடுத்த மேசை அவளுடையது. விரிப்பு மடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சும்மா உட்காரத்தான் தெரியாது. தேநீர் இடைவேளையிலும் ஒரு காலை ஆட்டிக்கொண்டே சிகரெட் பெட்டிக்குக் கம்பளி உறை பின்னுவாள்.

“அப்பெல்லாம் தங்கக் கோடு போட்ட வெள்ளைப் பெட்டி. எடுத்து வெச்சா மேசைக்கே ஒரு களை. இப்ப இதை வெளிய எடுத்தா, அக்குள் கிழிஞ்ச சட்டையோட கையைத் தூக்குற மாதிரி இருக்கு, கண்ணு.”

ருசியும் கெட்டுவிட்டதாம். உள்ளே அதே புகையிலைதானே என்றால் முறைப்பாள்.

அவள் மகள் டீகனுக்கு ஏழாம் மாதம். கரு தரித்ததுமே புகையை விட்டுவிட்டாள் என்று ஆலை முழுக்கச் சொல்லியாயிற்று. “என்னால முடியாததை என் பொண்ணு செஞ்சுட்டா!”

போன ஞாயிறு டீகன் வீட்டில் சாப்பாடு. குழம்பு கொட்டிய உறையைக் கழுவிக் காயப்போட்டவள், கிளம்பும் அவசரத்தில், கண்ணாடி போடாமல், சமையல் மேடையில் கைக்கு அகப்பட்ட பெட்டியை அதில் திணித்துக்கொண்டாள். வீட்டில் கிடந்த பழைய பெட்டி தீர்ந்து, திங்களன்று இடைவேளையில்தான் இதன் உறையை உருவினாள். குழந்தை.

கால் ஆட்டம் நின்றது.

“ஸ்டாவ்ரோஸ் மாத்திக் குடுத்துட்டானோ?” என்றேன்.

“நான் பார்க்காம வாங்குவேனா? இதுல ஏழு சிகரெட் குறையுது. நான் என்னுதுல ரெண்டுதான் பிடிச்சேன். இது டீகனுது.”

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அலறியது. ஆலைச் சத்தத்தில் காது கேட்காமல் ஒலியைக் கூட்டியே வைத்திருப்பாள்; மறுமுனைப் பேச்சு எனக்கும் கேட்கும்.

“அம்மா, உன் பெட்டி இங்க கிடக்குது. நீ… வேற எதையாவது எடுத்துட்டுப் போனியா?”

“எடுத்துட்டேன்.”

அந்தப் பக்கம் விசும்பல். “எப்பவாவது ஒண்ணுதாம்மா.”

கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று பயந்தேன். நோலீன் குரலை உயர்த்தவில்லை. “என்னுதைக் குப்பையில போடு. சாயங்காலம் வரேன்.”

“அப்ப நீ என்னம்மா பண்ணுவ?”

கைபேசியை வைத்தாள். வேலைக்கு மணி அடித்தது. அவள் எழவில்லை. பெட்டியைப் படம் மேலே தெரிய மேசையில் கிடத்தினாள். பிறகு உறையின் முடிச்சைப் பல்லால் அறுத்து, நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள்.