அமெரிக்க வரலாறு என் பேப்பர்

எங்கள் கல்லூரியில் முதுகலை வரலாற்று மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு ஒரு பேப்பர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது என்னுடையது. அதில் ஊழலைப் பற்றி ஒரு பாடம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நாட்டுப் பத்திரிகைகள் அரசியல்வாதிகளையும் முதலாளிகளையும் கேலி செய்து போட்ட கார்ட்டூன்களைக் கொடுத்து, விளக்கம் எழுதச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள். விளக்கத்தை நான் பாயிண்ட் பாயிண்டாகச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பாஸும் செய்துவிடுவார்கள்.

போன பருவத்தில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை என் வகுப்புக்கு அனுப்பியிருந்தார் துறைத்தலைவர். உடம்பு தேறித் திரும்பிய அன்று வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒரே சிரிப்பு. என் வகுப்பில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

திரையில் செனட் சபையின் கார்ட்டூன் ஒன்று. உறுப்பினர்கள் பொடிப்பொடியாக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பின்னால் பணமூட்டையே உடம்பான குண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். போடி ஊரிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான்.

"பின்னாடி பெருசா நிக்கிறவுக கட்சித் தலைவருக மேம். நம்ம ஊரு பேனர்ல போடுற மாதிரி. சின்னதா இருக்கவுக தொண்டருக."

நானாக இருந்தால் 'தப்பு, உட்காரு' என்றிருப்பேன். அவளோ, "சரி, பேனருன்னே வச்சுக்குவோம். பேனருக்குக் காசு குடுக்குறது யாரு?" என்று கேட்டாள்.

"கீழ சின்னதா மூஞ்சி போட்டிருப்பாகல்ல, அவுகதான்."

"இந்தப் படத்துல காசு யாருகிட்ட இருக்கு?"

வகுப்பு முழுக்கப் படத்தையே பார்த்தது. அனுமந்தன்பட்டியிலிருந்து வரும் பெண், வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "பெரியவுககிட்ட. அப்ப இது தலைகீழ் பேனரு மேம். காசு குடுத்தவன் பெருசாயிட்டான், ஓட்டு வாங்குனவன் சிறுத்துப் போயிட்டான்."

எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் கிடையாது. இதே படத்துக்கு நான் சொல்லிவந்த ஐந்து பாயிண்டும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த 'ஓட்டு வாங்குனவன்' என்பதை இந்தப் புது டீச்சர் திருத்தவில்லையே என்று ஒரு குறையைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அடுத்த நாள் துறைத்தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பிள்ளைக ஆசைப்படுதுக. மிச்சப் பாடத்தையும் இந்தம்மாவே எடுக்கட்டுமா?"

"சார், அது என் பேப்பர். நான் சீனியர்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவருக்கு வம்பு பிடிக்காது, சரி என்றுவிட்டார்.

அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. "நீங்களே எடுங்கக்கா, எனக்கு எதுன்னாலும் சரிதான்" என்று சொல்லி, தான் சேர்த்து வைத்திருந்த கார்ட்டூன்களையெல்லாம் அங்கேயே என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

அன்று இரவே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கேள்விகளைத் தயார் செய்தேன். பெருத்த ஆள் ஒருவன் நகரசபைக் கட்டடத்தையே சட்டைப்பையில் செருகிக்கொண்டு நிற்கிறான். அவளால் முடிந்தது என்னால் முடியாதா என்ன?

திரையில் படம் வந்தது. "என்ன தெரியுது? யாராவது சொல்லுங்க" என்றேன்.

போடிப் பையன் பேனா மூடியைத் திறந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் திறந்தார்கள்.

"தப்பா இருந்தாலும் பரவாயில்ல. சும்மா சொல்லுங்கப்பா." சிரித்துக்கூடப் பார்த்தேன். எனக்கே அது ஒட்டவில்லை. அனுமந்தன்பட்டிப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "வேணாம் மேம். நீங்களே சொல்லிருங்க, எழுதிக்கிறோம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். பக்கத்து வகுப்பில் அந்தப் புது டீச்சர் இடைக்கால இந்தியா எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே சிரித்தார்கள்.

"முதல் பாயிண்ட்" என்றேன். எல்லாத் தலைகளும் குனிந்தன. படத்தைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன்.