சித்தப்பா பூட்டிய ரேடியோ

எங்கேயாவது ரப்பர் கருகுகிற வாசம் வந்தால் இன்றைக்கும் என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். ஒன்பது வயதில் பிடித்த பயம். எழுபதைத் தாண்டியும் விடவில்லை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பாவிடம் பழைய இங்கிலீசு வேன் ஒன்று இருந்தது. கிழமை நாட்களில் புறக்கோட்டையிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை கழுவி, பின்னால் உட்கார இரண்டு வாங்கைப் போட்டுவிட்டால் அது எங்கள் குடும்ப வேன். என்னதான் கழுவினாலும் அம்மாவின் சேலை வெங்காயம் மணக்கும்.

எங்களோடு இருந்துகொண்டு துறைமுகத்தில் வேலை செய்த சித்தப்பா, கப்பல்காரன் ஒருவனிடமிருந்து கார் ரேடியோ ஒன்றை வாங்கி வந்தார். வண்டி திருத்துகிற கராச்சுக்குப் போகத் தேவையில்லை, நானே வேனில் பொருத்திப் பூட்டுகிறேன் என்றார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வேனில் பற்றரியின் பிளஸ் வயர் வண்டித் தகரத்தோடு சேர்ந்திருந்தது. அந்த ரேடியோவுக்கோ மைனஸ் அதன் பெட்டியோடு சேர்ந்திருந்தது. பெட்டியும் தகரமும் முட்டினால் நெருப்புத்தான். சித்தப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ரேடியோவைச் சுற்றிப் பொதிந்து, ஒரு பலகைத் துண்டில் இறுக்கினார்.

"இதுக்குக் கிட்ட இரும்பு ஒண்டும் கொண்டுவரக் கூடாது, விளங்கிச்சா?" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். நான் கதைக்கிற பிள்ளை இல்லை, தலையாட்டுகிற பிள்ளை.

கடைசியில் வயரின் நடுவே சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று வைக்கவேண்டியிருந்தது. அவரிடம் அது இல்லை. "ஞாயிற்றுக்கிழமை எவன் கடை திறந்திருக்கான்?" என்றபடி ஒரு துண்டு செப்புக் கம்பியை முறுக்கி அந்த இடத்தில் வைத்தார். ரேடியோ பாடியது. சிரிக்காத அப்பாவும் சிரித்தார்.

அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"மந்திரிக்காத சாமானைப் பூட்டியிருக்கிறீங்க தம்பி. பிள்ளைகள் போற வண்டி."

"சாமியார் தண்ணி தெளிச்சா ரேடியோ செத்துப்போகும் அண்ணி."

"அப்ப உங்கட நாக்குக்குத்தான் முதல்ல தெளிக்கவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் கொச்சிக்கடைக் கோவிலில் சாமியார் செபித்து மந்திரித்த பிறகுதான் தொடுவோம். தையல் மெசினைக்கூட ரிக்சாவில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள். அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் ஞானஸ்நான விருந்து. மந்திரிக்காத ரேடியோவோடு, கைக்குழந்தைத் தம்பியையும் கொண்டு அவ்வளவு தூரம் போவதா?

எல்லோரும் உடுத்துக்கொண்டிருந்தபோது நான் முன்சீற்றில் ஏறினேன். முதன்முதல் நற்கருணை வாங்கப்போகும் என் புதுநன்மைக்கென்று வாங்கி, மந்திரித்தும் வைத்திருந்த வெள்ளிச் செபமாலையை ரேடியோவின் பளபளத்த உலோகக் குமிழில் மாட்டினேன். இரும்பு கூடாது என்றாரே தவிர, செபமாலை கூடாது என்று சித்தப்பா சொல்லவில்லை. அதை இரும்போடு சேர்த்து நினைப்பதே பாவம் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

அம்மா குழந்தையோடு முன்னால் ஏறினாள். செபமாலையைக் கண்டு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அக்காவும் நானும் சித்தப்பாவும் பின்னால். சாமான் வேன் என்பதால் பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். ஆடிய சிலுவை முன் தகரத்தில் அடித்து அப்படியே ஒட்டிக்கொண்டது. பாட்டு நின்றது. பிறகு அந்த வாசம். பிறகு புகை.

அம்மா "யேசுவே" என்று கத்திக்கொண்டு குழந்தையோடு குதித்தாள். அப்பா பின்னால் ஓடிவந்து கதவை இழுத்தார். அது இறுகிப்போய் அசையவில்லை. அக்கா கதவில் குத்தினாள். நாங்கள் உள்ளேயே எரிந்து போவோம், அதற்குக் காரணம் நான், அது ஒருவருக்கும் தெரியாது. இந்த மூன்றும்தான் மனதில் ஓடின.

சித்தப்பா கதவுப் பக்கம் வரவில்லை. முன்சீற்றுக்கு மேலால் பாய்ந்து, புகைக்குள் கையை விட்டு வயரைப் பிய்த்து எறிந்தார். பின்கதவு ஒருவழியாகத் திறந்தபோது அவருடைய உள்ளங்கைத் தோல் சுருண்டிருந்தது. இறங்குமுன் செபமாலையைக் கழற்றி என் கைக்குள் வைத்து மூடினார். அது சுட்டது. சிலுவையின் அடி கறுத்து உருகியிருந்தது.

"டேய், என்ட பிள்ளைகளைக் கொல்லவா பாத்த?" என்றார் அப்பா.

"என்ட பிழைதான் அண்ணே."

"இனி என்ட வண்டிப் பக்கம் வந்திராத."

"என்ட பிழைதான்."

"செபமாலை இருந்ததாலதான் தப்பினம்," என்று அம்மா அழுதாள். நான் மூடிய கையைத் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே சித்தப்பா முகத்துவாரம் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெருநாளுக்கு மட்டும் வருவார், வாசலோடு நின்று போவார். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லித்தான் அவர் வீட்டை இழந்தார் என்று நினைத்தேன். அந்த வருடம் என் முதல் பாவசங்கீர்த்தனத்தில், தட்டிக்குப் பின்னால் இருந்த சாமியாரிடம், "என்னால எங்கட சித்தப்பா பொய் சொன்னார், சாமி" என்றேன். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பயம் போகவில்லை. சித்தப்பா சாகும்வரை அவரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம், நான் இப்போது மகளோடு இருக்கும் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் என் மருமகன் அவர்களுடைய வேனுக்குப் பாட்டும் படமும் வருகிற ஸ்கிரீன் ஒன்றைத் தானே பூட்டினார். நான் தள்ளி நின்றேன்.

"பயப்படாதீங்க மாமி. இந்தா, பியூஸ். எது எதில முட்டினாலும் இதுதான் முதல்ல சாகும். வண்டிக்கு ஒண்டும் நடக்காது."

"அதுக்குப் பதிலா செப்புக் கம்பி வைச்சா?"

மருமகன் நிமிர்ந்து பார்த்தார். "அது வண்டிக்குக் கொள்ளி வைக்கிற வேலை மாமி. ஆர் அப்படிச் செய்தது?"

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்தச் செபமாலையை எடுத்தேன். "என்ட பிழைதான்" என்று சித்தப்பா அன்றைக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பொய்யே சொல்லாத மனிதருக்காக நான் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லியிருக்கிறேன்.