வயிற்றில் இருப்பதையும் சேர்த்து

மூட்டை தூக்கிப் பிழைப்பவன் நான். கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, வாயும் இல்லை. இது நடந்தது. என் தங்கை வீட்டில் நடந்தது.

எங்கள் ஊரில் வியாபாரமும் காப்பித் தோட்டமுமாக நான்கு தலைமுறை கொழுத்த பணக்காரக் குடும்பம் ஒன்று. பங்களாவை விற்றுவிட்டார்கள். மாடி அறை நிறையத் தோட்டக் கூலியாட்களின் பழைய கணக்குப் புத்தகங்கள். யாரோ ஆராய்ச்சிக்குக் கேட்டார்களாம். லாரியில் ஏற்ற நானும் தங்கை புருஷனும் போனோம். தங்கைக்கு நிறைமாதம். தலைப்பிள்ளை.

அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை அறைக் கதவைத் திறந்துவிட்டார். வாசற்படி தாண்டவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

புத்தகங்கள் நசநசவென்று இருந்தன. மழையே இல்லை. பழைய காகித வாசனை வரவேண்டும். வரவில்லை. ஆள் வியர்வை நாற்றம்.

"என்ன மச்சான், புத்தகமா, பொணமா? இந்தக் கனம் கனக்குது!" என்றான் மாப்பிள்ளை.

மணி இரண்டேகால்.

"ஆள் வந்தாச்சா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல். கணக்கப்பிள்ளை என்று நினைத்தோம். இந்தக் கேள்வியைக் கேட்டால் கூலிக்காரன் வாய் தானாகத் திறக்கும்.

"வந்தாச்சுங்க!" என்றான் மாப்பிள்ளை.

"வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேருங்க. வயித்துல ஒண்ணு. அதுக்கும் சேத்துக் கூலி போடுங்க சாமி!"

சிரித்தான்.

சரக்... சரக்...

பேனா கீறும் சத்தம்.

நின்றது.

அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

சுவர்.

ஜன்னலில் பார்த்தேன். தெருமுனையில் கணக்கப்பிள்ளை. கையில் டீ.

அடுத்த வாரம் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. கை இரண்டும் இறுக மூடியிருந்தன. நர்ஸ் பிரித்தாள்.

உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

தோல் வியாதி என்றார் டாக்டர். பன்னிரண்டு வயதிலிருந்து மண்வெட்டி பிடித்தவன் நான். எனக்குத் தெரியாதா?

தினமும் விடியும்போது புதிதாக ஒரு கொப்புளம். தங்கை மருந்து போடுவாள். மறுநாள் அது உடைந்திருக்கும். நகத்தில் செம்மண்.

கணக்கப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தேன்.

"வயித்துல இருக்கறதையும் எழுதிக்குவாங்கப்பா, அந்தத் தோட்டத்துல. ஆம்பள வாயால சொன்னாப் போதும்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"சொன்னா எவன் சுமக்க வருவான்?"

காலில் விழுந்தேன். "பேரை அடிச்சிடுங்க ஐயா."

"செத்தாத்தான் அடிப்பாங்க."

"அப்ப தோட்டம் எங்க இருக்கு? சொல்லுங்க. ராத்திரி நான் போய்ப் பிள்ளையை அங்கிருந்து கூட்டிட்டு வர்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தோட்டமா? அதை அழிச்சு நாப்பது வருஷம் ஆச்சேப்பா..."