அழகேசன் எரித்த கயிறு

என் தம்பி அழகேசனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான். சின்ன வயதில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு வந்து மலைப்பாம்பு என்பான். அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார். அன்றைக்கே முதுகில் இரண்டு போட்டிருந்தால், ஐம்பத்தொரு வயதில் அவன் போலீஸ் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

இப்போது அவன் புக்கிட் பெருந்துங்கில் குடியிருந்து தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். பெண்டாட்டி பிரேமலா. ஒரு காலத்தில் மகா குடிகாரன். ஒரு நாள் குடித்துவிட்டு, அப்போது ஓட்டிய லோரியைச் செம்பனைக்காட்டுக் கால்வாயில் இறக்கிவிட்டான். நான் பயந்துபோய், எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் பதினோரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, பூசாரி மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிற்றை அவன் வலது கையில் கட்டினேன். மூன்று மாதம் குடியைத் தொடவில்லை. நாலாவது மாதம் பழையபடி ஆரம்பித்துவிட்டான்.

பிறகு யாரோ அவனைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்னச் சபை. அங்கே ஜெபம் செய்தார்கள், குடி நின்றது. பதினாலு வருஷமாக ஒரு சொட்டு இல்லை. முனி நிறுத்தினாரா ஏசு நிறுத்தினாரா என்று நான் ஆராய்ச்சி பண்ணுவதில்லை. பிரேமலா அடி வாங்காமல் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்தின வாரம் புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். கயிற்றைப் பல்லால் கடித்துக் கடித்து முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தான். "கோச்சுக்காதக்கா. இதக் கட்டிக்கிட்டு அங்க போய் நிக்க மனசு ஒப்பல" என்றான். நான் மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் சபையில் சாட்சி சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஆண்டவர் தன்னை எப்படி மீட்டார் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். இவனுக்குச் சொல்லவா வேண்டும்! முதல் வருஷம் கயிற்றைக் கழற்றினேன் என்றான். மூன்றாம் வருஷம் அறுத்து எறிந்தேன் என்றான். அப்புறம் நெருப்பில் போட்டான். சொல்லச் சொல்ல அல்லேலூயா சத்தம் பெரிதாகிக்கொண்டே போனதாம். பிரேமலாதான் சொல்லிச் சிரிப்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருஷம் சபைக்காரர்கள் ஆராதனையை முகநூலில் நேரலையாகப் போட ஆரம்பித்தார்கள். யாரோ அதிலிருந்து முக்கால் நிமிஷத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். எனக்கும் வந்தது. தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். "என் அக்கா பிசாசின் கயிற்றை என் கையில் கட்டினாள்! நெருப்பில் போட்டேன்! கறுப்புப் புகை வந்தது! அந்தக் கோயில் பேய் அலறிக்கொண்டு ஓடியது!"

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரோடு கிடந்தவள் நான். அழுதேன். பிறகு போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன்.

மறுநாளே கோயில் செயலாளர் சுகுமாறன் போலீசில் புகார் கொடுத்துவிட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கோயிலுக்கு அவன் அப்பா செங்கல் சுமந்தவர். அடுத்தவர் மதத்தைப் புண்படுத்திப் பேசினால் சட்டத்தில் சிறை உண்டு, இணையத்தில் பேசினால் அதற்கு வேறு சட்டம் என்று எல்லாரும் சொல்லத் தொடங்கினார்கள்.

சுகுமாறன் என்னைத் தேடி வந்தான். "கண்மணிக்கா, கயிறு கட்டினது நீங்கதான? நாளைக்கு போலீஸ்ல விசாரிக்கிறாங்க, நீங்க வந்து சொன்னா கேஸ் நிக்கும்லா."

"வரேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் தம்பியும் பிரேமலாவும் வந்தார்கள். உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டேன். "எப்படா எரிச்ச நீ அத?"

தலையைக் குனிந்துகொண்டான். "வருசா வருசம் சொல்லிச் சொல்லி, நெசமாவே எரிச்ச மாரி எனக்கே ஆயிருச்சுக்கா."

"பேய் ஓடுனத பாத்தியா?"

பிரேமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று கேட்டான். "நாளைக்கு என்னக்கா சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்லுவேன். போ."

அவன் முகம் செத்துப்போனது. நானும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி பயந்து கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசாரித்தவர் ஒரு மலாய்க்கார இன்ஸ்பெக்டர் அம்மா. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டார். நான் கைப்பையிலிருந்து பழைய மைலோ டின்னை எடுத்தேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை வைத்திருக்கும் டின். அடியில் கிடந்த கறுப்புக் கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அவன் எரித்ததாகச் சொன்ன கயிறு இதுதான்" என்று மலாயில் சொன்னேன். "எரிக்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. அவிழ்த்து என் கையில் கொடுத்தான். பதினாலு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. இவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் அளப்பான்."

தம்பி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூக்கிப் போட்டிருப்பேன் என்று நினைத்திருந்தானாம். சுகுமாறன் அதை எடுத்து விரலால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உங்களுக்கு அவர் மேல் கோபம் இல்லையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருக்கிறது, நிறைய. அவன் எங்கள் சாமியை விட்டுப் போனான், அது அவன் இஷ்டம். அவன் ஆண்டவரைப் பற்றி எவ்வளவு பெருமை வேண்டுமானாலும் பேசட்டும், அதற்கு யாரும் அவனைப் பிடிக்கக் கூடாது. எங்கள் சாமியைப் பேய் என்றது தப்பு. அதற்கு ஜெயில் வேண்டாம். அவன் வாயாலே தப்பு என்று சொன்னால் போதும்."

அழகேசன் எழுந்து நின்றான். ஜெயிலைவிட, சாட்சியில் பொய் சொன்னவன் என்று ஆகிவிட்டதுதான் அவனைச் சுட்டிருக்கும். "சுகு, ஏசுவ நான் விட மாட்டேன். ஆனா பேய் ஒண்ணும் ஓடல. நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரு."

"நீங்க அத எரிச்சீங்கன்னுதான் எனக்கு ஆத்திரமே" என்றான் சுகுமாறன். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை என்னிடம் நீட்டினான்.

அதோடு முடியவில்லை. ஃபைல் மேலே போகும், அவர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். ஐந்து வாரம். போன் மணி அடித்தாலே ஓடிப் போய் யாரென்று பார்ப்பேன். கடைசியில் ஒரு புதன்கிழமை அழகேசன் கூப்பிட்டான். மேல் நடவடிக்கை இல்லையாம். "அக்கா, முடிஞ்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதான். நான் அவனை நன்றாக ஏசினேன். ஏசி முடித்து உட்கார்ந்தபோதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டேன். அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சபைக்கு வரச் சொன்னான். நெற்றியில் திருநீறோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. தம்பி மைக்கைப் பிடித்தான்.

"பல வருஷமாக இங்கே நான் ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். நான் கயிற்றை எரிக்கவில்லை. என் அக்கா எனக்காகப் பதினோரு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து கட்டிய கயிறு அது. அவிழ்த்து அக்கா கையிலேயே கொடுத்தேன். ஆண்டவர் என் குடியை நிறுத்தினார். இவ்வளவுதான் என் சாட்சி."

நெருப்பு இல்லை, புகை இல்லை. ஜனங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டர்கூட வாயைத் திறக்கவில்லை. என் தம்பி மைக்கோடு தனியாக நிற்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் எழுந்து நின்று அல்லேலூயா சொன்னேன்.