ஐஸின் மேல் ஒரு காசு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் என் இடுப்பு உயரம்தான். ஒற்றைக் கதவு, மேலே ஒரு சின்ன ஐஸ் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என் உயிர் இருந்தது என்றால் சிரிக்காதீர்கள். பிரசவ லீவு முடிந்து மலாக்கா டவுனிலுள்ள ஆபீசுக்குத் திரும்பியதிலிருந்து, பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பைகளில் ஊற்றி அதில்தான் உறைய வைத்திருந்தேன். மகளுக்கு டின் பால்மாவு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த வேகத்தில் கக்கிவிடுவாள். எனக்கோ பால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள லூபோக் சீனாவிலிருந்து மாமியார் வந்திருந்தார். தங்கமான மனுஷி. ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். குளிர் குமிழை நான் ஐந்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டில் இருக்கும்.

“அஞ்சு எதுக்குமா? ரெண்டுலயே ஜில்லுன்னுதான இருக்கு. பில்லு ஏறிடும் லா.”

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். ரப்பர் தோட்டத்து வீட்டில் ஒரு மின்னலுக்கு டிவி புகைந்துபோனதிலிருந்து வந்த பழக்கம். எங்கள் தஞ்சோங் கிளிங்கில் மத்தியானம் இடிக்காத நாள் எது? ஆபீஸ் ஜன்னலில் வானம் இருட்டினாலே மாமியாருக்குப் போன் போடுவேன்.

“பிடுங்கலமா. நிம்மதியா வேலையப் பாரு.”

நிம்மதியாம்!

கூட வேலை பார்க்கும் மலாய்க்கார அக்கா ஒரு வழி சொன்னார். கப்பில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸின் மேல் ஒரு காசை வைக்க வேண்டும். கரண்ட் போய் ஐஸ் உருகினால் காசு அடிக்குப் போய்விடும்; பிறகு உறைந்தாலும் அங்கேயே கிடந்து காட்டிக்கொடுக்கும். மாமியாரிடம் சொல்லாமல் இருபது காசு ஒன்றை வைத்தேன். வேலை விட்டு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் அதைத்தான் பார்ப்பேன். காசு மேலேயே இருக்கும்.

அன்று நல்ல இடி, மழை. வந்து திறந்தேன். காசு கப்பின் அடியில் கிடந்தது.

“அத்தே, பிளக்கப் பிடுங்கினீங்களா?”

“இல்லவே இல்லமா,” என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

இப்படிப் பொய் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. உருகி உறைந்த பாலைக் கொடுத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பைகளை ஒவ்வொன்றாக வெட்டி, உறைந்த பால் கட்டிகளைச் சமையலறைத் தொட்டியில் போட்டு, பைப்பைத் திறந்துவிட்டேன்.

மாமியார் குழந்தையோடு ஓடி வந்தார். “ஐயோ, என்னமா பண்ற!”

கப்பை நீட்டினேன். “அப்புறம் காசு எப்படி அடிக்குப் போச்சு?”

“அந்தக் காசா? நீ மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வச்சிருக்கன்னு நெனச்சேன். சாமி காசு மீனு பக்கத்துல கிடக்கலாமா? ஐஸ்ல ஒட்டிக்கிட்டு வரல. காலையில பைப்புத் தண்ணியில காட்டி எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு சாமிகிட்ட வச்சு நானும் வேண்டிக்கிட்டேன். நீ தேடுவேன்னு கப்புல வேற காசு போட்டுத் தண்ணி ஊத்தி வச்சேன்.”

திரும்பிப் பார்த்தேன். சாமி விளக்கின் முன்னால் மஞ்சளாக ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

“என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?”

“வேற என்னமா? உனக்குப் பால் வத்தக் கூடாதுன்னுதான்.”

நான் பைப்பை மூடிவிட்டு, கரையாமல் மிஞ்சிய கட்டிகளைத் தொட்டிக்குள் இரண்டு கையாலும் துழாவினேன்.