கை தூக்கியவள்

உப்புப் போட்டு அவித்த குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், ஆவி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு ஆத்திரம் வரும். இத்தனை வயதாகியும் அது தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே, சுற்றிலும் அந்தக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் இருந்த எங்கள் ஊரில், எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறை முழுவதும் நாங்கள் பன்னிரண்டு பிள்ளைகள் "புதுநன்மை"க்குத் தயாரானோம். பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். தினமும் காலையில் மாதா கோயில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கையில் புளியம்விளாரோடு உபதேசியார் பாடம் நடத்துவார். "கடவுள் உன்னை எதுக்குப் படைச்சாரு?" என்று கேட்டால், அவரை அறியவும் அவருக்கு ஊழியம் செய்யவும் மோட்சம் சேரவும் என்று நான் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். பக்கத்தில் உட்காரும் செலின் பாதியில் தடுமாறுவாள். அவள் அம்மா ஆலையில் கிழங்குக்குத் தோல் சீவுகிறவர்; விடியும் முன்னே அம்மாவோடு போய் இரண்டு கூடை சீவிவிட்டுத்தான் அவள் வகுப்புக்கே வருவாள். "எதுக்குப் பொறந்தோம்னே தெரியாத கழுதைக்கு நன்மை ஒரு கேடா?" என்பார் உபதேசியார். நாங்கள் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடாமலிருந்தால் போதும் என்பது திருச்சபையின் சட்டம். சாமியாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். உபதேசியாருக்கு அது போதவில்லை. "அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு. எந்திரிச்சதுல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்று தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். கடவுளுக்கே பாடம் எடுக்கிற ஆள் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பூசை. பக்கத்து ஊரில் பூசை முடித்து வரவேண்டிய சாமியார் பத்தாகியும் வரவில்லை. வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக நாங்கள் வெயிலில் வரிசைகட்டி நின்றோம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. செலின் என் கையைப் பிடித்து மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். பூசை முடிந்ததும் தின்னச் சொல்லி அவள் அம்மா கொடுத்தனுப்பிய கிழங்குத் துண்டு கைக்குட்டையில் முடிந்திருந்தது. "தின்னு சாமி, மயக்கம் போட்டுருவ" என்று பாதியை நீட்டினாள். நான் தின்ற பிறகுதான் தன் பாதியை வாயில் வைத்தாள். அதற்கப்புறம் சாமியார் வந்து பூசை தொடங்கி நன்மை கொடுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திருச்சபைச் சட்டப்படி நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் ஒன்பது வயதில் சட்டம் என்றால் எங்களுக்கு உபதேசியார்தான்.

தூரத்தில் சாமியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உபதேசியார் வரிசையின் முன்னால் வந்து நின்றார். "வாயில எதையாச்சும் வச்சவங்க கையத் தூக்குங்க. பொய் சொன்னா நேரா நரகந்தான்."

செலின் உடனே கையைத் தூக்கினாள். "கிழங்கு தின்னேனுங்க."

அவள் தலையிலிருந்த பூமுடியை அவர் பிடுங்கினார். வரிசையிலிருந்து தள்ளிக்கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கை கவுனோடு ஒட்டிக்கிடந்தது. நான் நன்மை வாங்கினேன், ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டேன், வீட்டில் பிரியாணி தின்றேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் உபதேசியார். செலினின் அம்மா அனுப்பவில்லை. "எம்புள்ளையச் சபையில வச்சுக் கேவலப்படுத்துன ஆளுகிட்ட இன்னொரு தடவையா?" என்று கேட்டுவிட்டார். உபதேசியாரை நான் வெறுத்தேன். என்னையும்தான்.

செலினைப் போன வருடம் ஆத்தூர் பேருந்தில் பார்த்தேன். அன்றைக்கு என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன். "உம்பேர யாரு கேட்டா? தின்னவங்களக் கையத் தூக்கச் சொன்னாரு, எங்கைய நான் தூக்குனேன்" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல். கோயிலுக்குப் போவதுண்டா என்றேன். "கடைசி பெஞ்சு வரைக்கும் போவேன். நன்மைக்கு மட்டும் எந்திரிக்க மாட்டேன். நமக்கு அது இல்லைன்னு ஆயிப்போச்சு."

அடுத்த வாரமே சேலத்தில் மகன் வீட்டில் இருக்கும் உபதேசியாரைத் தேடிப்போனேன். தள்ளாத வயது. ஆனாலும் விடவில்லை. செலின் இன்னும் நன்மை வாங்காததையும், அன்றைக்கு நானும் தின்றதையும் சொன்னேன். அவர் சிரித்தார். "அட, அதுக்கென்ன சாமி இப்ப? பசி தாங்காம நானே அன்னைக்குக் காப்பி குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

ஊரில் ஆலைகள் பல மூடிவிட்டன. வேப்பமரத்தை வெட்டி மண்டபம் கட்டிவிட்டார்கள். புதுநன்மைக்கு வரும் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள். கையைத் தூக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அன்றைக்குக் காப்பி குடித்தவர் நன்மை வாங்கினார், கிழங்கு தின்ற நான் வாங்கினேன். உண்மையைச் சொன்னவள் மட்டும் இன்னும் வாங்கவில்லை.