துரையின் இடிந்த பட்டணம்

மாத்தளையில் பழைய சாமான் கடையொன்றில் போன வாரம் ஒரு படத்தைக் கண்டேன். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த கடற்கரைப் பட்டணம். முன்னால் ரோமர் கட்டி இடிந்துபோன தூண்கள், பின்னால் பாய்மரக் கப்பல்கள். "வெள்ளக்காரன்ட காலத்துச் சாமான், எடுங்க ஐயா," என்றார் கடைக்கார நானா. கையில் வாங்கினால் பூஞ்சணம் பிடித்த காகித நாற்றம்.

அந்தக் காலத்தில், ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலும் அதே நாற்றம்தான், கூடவே சுருட்டும் நனைந்த நாயும். அங்கே நான் கணக்கெழுதும் கிளாக்கர். கழுத்தில் டை, காலில் ஓட்டைச் சப்பாத்து, மனதுக்குள் அரைத் துரை என்ற நினைப்பு. இதே போலொரு படம் அங்கே சுவரில் தொங்கியது. துரை அதன்முன் நின்று பெருமூச்சு விடுவார். அத்தனை பழைய கல்லாம், ஒன்றையும் அசைக்கக்கூடாதாம்.

அந்த நாட்களில்தான் தொழிலாளரின் புதைமேட்டை வெட்டித் தேயிலை போட உத்தரவிட்டிருந்தார். பங்களா கூட்டும் முத்தாயியின் சின்ன மகள் அங்கேதான் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு ஆற்றுக்கல், அவ்வளவுதான் அடையாளம்.

ஒரு காலையில் படத்தின் கண்ணாடியெல்லாம் குங்குமம். அந்த இடிபாட்டைத் துரையின் குலதெய்வக் கோயில் என்றே நம்பிவிட்டாள் முத்தாயி. அவர் காலில் விழுந்தாள்.

"ஒங்க கோயில இடிச்சவன் நல்லாருப்பானா தொர? எங்க புள்ளைங்க கெடக்குற மண்ணத் தோண்டாதீங்க சாமி."

துரை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "ஏய், இது பெரிய ஆள் கட்டினது. ஒங்க குழி வேற," என்றார் தன் தோட்டத் தமிழில். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினார். இவனெல்லாம் மனுஷனா, நீங்களே சொல்லுங்கள். அந்தச் சோப்பை இன்றும் என் வீட்டில் வாங்க விடமாட்டேன். பேரன்மார் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மேட்டை வெட்டினார்கள். கற்கள் தண்ணீர் வடியும் கான் கட்டப் போயின. முத்தாயியைப் பங்களாவிலிருந்து கொழுந்தெடுக்க விரட்டினார்கள். செடி வளர்ந்து கொழுந்து விட்டபோது, ஒரே ஒரு செடியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவாள்.

"அத ஏன்டி விட்டுட்டுப் போற?" என்று கங்காணி கத்துவார்.

"அதுக்குக் கீழ எம்புள்ள கெடக்கு."

மற்றப் பெண்களும் அதைத் தொடவில்லை. அது தலைக்குமேல் வளர்ந்து நின்றது. துரை கண்ணில் பட்டதும் கங்காணி கவ்வாத்துக் கத்தியோடு வந்து அதை மற்றச் செடிகளோடு மட்டமாக்கினார். அதன்பின் எது அந்தச் செடியென்று முத்தாயிக்கு மட்டும்தான் தெரியும்.

துரைமார் தங்கள் ஊருக்கே திரும்பிப் போனார்கள். பிறகு, பிரஜாவுரிமை இல்லையென்று முத்தாயியையும் தலைமன்னாரில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.